கண்ணாடியில் தெரிந்த வாசல்

மாலை நாலே கால் மணி. சாயல்குடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்புச் சிலேட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சற்று முன்புதான் "குளிச்சிட்டு ஓடியாந்துர்றேம்மா" என்று கேட்ட மகளுக்கு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தலையாட்டியிருந்தேன். அந்தக் கோடையில் ஊருணியில் முழங்காலளவுதான் தண்ணீர். என் பதினொரு வயது மகள் கரையிலிருந்து தலைகீழாகக் குதித்தாள்.

உப்பு லாரியில், மூட்டைகளின் மேல் ஒரு கதவைப் போட்டு அவளைக் கிடத்தி, ராமநாதபுரம் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கழுத்தில் எலும்பு முறிந்திருந்தது. தலையை மழித்து, மண்டையின் இரு பக்கமும் துளையிட்டு இரும்பு இடுக்கி ஒன்றை மாட்டினார்கள். அதில் கட்டிய கயிறு கட்டிலின் தலைமாட்டுக் கப்பி வழியாகக் கீழே இறங்கியது. நுனியில் எடைக்கல் தொங்கியது. ஆறு வாரம் அசையாமல் கிடக்க வேண்டும், கழுத்தைத் திருப்பினால் கைகால் விளங்காமல் போய்விடலாம் என்றார் டாக்டர்.

அவளோ காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசல் பக்கம் திரும்ப முயன்றாள். கொழும்பில் துணிக்கடையில் வேலை பார்த்த என் கணவருக்காக, அவள் அய்யாவுக்காகத்தான். ஒவ்வொரு முறையும் கயிறு அதிர்ந்தது. அவர் வராததற்குக் காரணம் நான். பயந்துவிடுவாரே என்று, "மகளுக்குச் சிறு காயம், வசதிப்பட்டால் வரவும்" என்று தந்தி கொடுத்திருந்தேன்.

அந்த வார்டில் தங்கச்சிமடத்து ஆயா ஒருவர் வேலை பார்த்தார். என் வயதுதான் இருக்கும். மீன்கூடை சுமந்து வளர்ந்தவர். பின்மண்டை புண்ணாகி மகள் அழுதபோது, பழைய சேலையைக் கிழித்து மெல்லிய வளையமாகச் சும்மாடு சுற்றினார். டாக்டரிடம் காட்டிச் சம்மதம் வாங்கி, நர்ஸ் தலையைப் பிடித்துக்கொள்ள, அதை அடியில் நுழைத்தார். "கூடைக்கு வச்சுப் பழகுன கை, இப்பத் தலைக்கே வைக்குது பாருத்தா" என்றார். அன்றுதான் மகள் அழாமல் தூங்கினாள்.

மறுநாள் ஆயா, ஆஸ்பத்திரியில் முடிதிருத்துபவரிடம் கேட்டு வாங்கிய கண்ணாடியோடு வந்தார். வாசல் தெரியும்படி கட்டிலுக்கு மேலே சாய்த்துக் கட்டிவிட்டால் பிள்ளை திரும்ப மாட்டாள் என்றார். நான் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டேன். மொட்டைத் தலையையும் இரும்பையும் அவள் பார்க்கக் கூடாது.

"ஏன் டீச்சரம்மா, மறைச்சு வச்சா அந்த இரும்புக் கொம்பு உதிந்துருமா?"

கட்டிலிலிருந்து மகள் சொன்னாள்: "எனக்குத் தெரியும்மா. முதல் நாளே தடவிப் பார்த்துட்டேன். நீங்கதான் அழுவீகன்னு சொல்லல."

நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். ஆயா பின்னாலேயே வந்து, "பிள்ளையோட அய்யாவுக்கும் இப்படித்தான் மறைச்சு எழுதுனீகளா?" என்று கேட்டார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். "போங்க. உள்ளத உள்ளபடி எழுதிப் போட்டு வாங்க. கண்ணாடிய நாங் கட்டுறேன்."

தபாலாபீசுக்குப் போய் உள்ளபடியே இன்னொரு தந்தி கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, கொசுவலைக் கம்பில் வலைக்கயிற்றால் கட்டிய கண்ணாடி தொங்கியது. மகள் வாசலில் போகிற வருகிறவர்களையெல்லாம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எடைக்கல் கயிறு அதிரவே இல்லை.

ஆண்டுகள் ஆகிவிட்டன. மகள் இப்போது பரமக்குடியில் படிக்கிறாள். பஸ்ஸில் ஏறியதும் திரும்பிப் பார்த்துக் கையாட்டுவாள். அவள் கழுத்து திரும்பும் அந்தக் கணத்தில் இன்றும் என் கண் அந்தக் கயிற்றைத் தேடும். ஆயாவைத் தேடி இரண்டு முறை தங்கச்சிமடம் போனேன். தன் மகள் வீட்டோடு போய்விட்டாராம். எந்த ஊர் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்று வராந்தாவில் அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் நடந்தேனே, அந்த வார்த்தையை இப்போதும் மனதுக்குள் பேசிப் பார்க்கிறேன். யாராவது ஒருவர் என்னை அப்படி அதட்ட மாட்டார்களா என்று இருக்கிறது.

அந்தக் கோடையில், இரண்டாம் தந்தி போன ஐந்தாம் நாள் பகலில் அவள் அய்யா வந்தார். கப்பலிலும் ரயிலிலும் கசங்கிய சட்டை, கையில் தகரப்பெட்டி. வாசலில் கால் வைத்தவர் கட்டிலைப் பார்த்ததும் ஓடிவர எத்தனித்தார்.

"அய்யா, அங்கனயே நில்லுங்க!" என்றாள் மகள், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கிட்ட வந்தா கண்ணாடிய விட்டுப் போயிருவீக. இன்னுங் கொஞ்ச நேரம் பாத்துக்கிறேன்."

பெட்டியைக் கீழே வைக்கக்கூட அவர் குனியவில்லை.

"நிக்கிறேந்தா," என்றார். "நீ போதுங்கிற வரைக்கும் நிக்கிறேன்."