ரேடியோ சொல்லாமல் விட்டது

பேசுகிறவருக்கு அரையடி பின்னால் நின்று, கண்ணை மூடிக் கேட்டு, கழுத்தில் கிடக்கும் துண்டால் வாயைத் துடைத்துவிட்டுத்தான் அவள் மொழிபெயர்க்க ஆரம்பிப்பாள். நான் பேசின அன்றைக்கும் அப்படித்தான் துடைத்தாள்.

பேசினேன் என்று சொல்வதே பெரிய வார்த்தை. எங்கள் சபையிலிருந்து கடல் தாண்டி ஊழியத்துக்குப் போன கூட்டத்தில் நான் சமையலுக்குப் போனவள். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. முதல் நாள் கூட்டத்தில் ஆளுக்கொரு வார்த்தை சொல்லவேண்டும் என்று என்னையும் நிறுத்திவிட்டார்கள். "எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்குப் பேச வராது" என்றேன். அதோடு உட்கார்ந்துவிட்டேன். அவளோ அதை அந்த ஊர்ப் பேச்சில் நீளமாகச் சொன்னாள். ஜனங்கள் சிரித்தார்கள், கை தட்டினார்கள். முன்வரிசைக் கிழவி ஒருத்தி எழுந்துவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா சொன்னே?" என்று பிறகு கேட்டேன்.

"நீங்க மனசுல வச்சிருந்ததைத்தாங்க்கா. இந்த அக்கா வாயால பேச மாட்டாங்க, நாளைக்கு மத்தியானம் கரண்டியால பேசுவாங்க, தட்டோட வந்து கேட்டுக்கங்கன்னேன்."

எங்கள் கூட்டத்தில் அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்தார்கள். அவளுக்குக் கோபமில்லை. "ரேடியோன்னா பேட்டரி போடணும்ல, ஒரு டீ ஊத்துங்க" என்று டம்ளரை நீட்டுவாள்.

அவளுடைய அம்மா நம்ம பக்கம், அப்பா அந்த ஊர். இரண்டு பேருமே இப்போது இல்லை. தகரக் கூரைபோட்ட ஒற்றை அறையில் தையல் மெஷினோடும் ஒரு ஆட்டோடும் இருக்கிறாள். கிழிந்த துணிக்கு ஒட்டுப்போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. "அம்மா போனப்புறம் நம்ம பேச்சு பேச ஆளே இல்லக்கா. இந்த ஆட்டுகிட்டதான் பேசறேன். அதுக்கு இந்த ஊர்ப் பேச்சு சுத்தமா வராது." சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் படுத்திருந்த ஆட்டை அந்த ஊர்ப் பேச்சில் கத்திக் கத்தி விரட்டினார், அசையவில்லை. இவள் உள்ளேயிருந்தபடியே "எந்திரிடி" என்றாள். எழுந்து போயிற்று.

நான் அரிசி களையும் நேரத்துக்குச் சரியாக வந்து குந்திவிடுவாள். காய்கறிப் பேரெல்லாம் மறந்துபோயிருந்தது. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக் கேட்பாள். ஒருநாள், "அக்கா, எங்கம்மா திட்டற மாதிரி ஏதாவது திட்டுங்களேன்" என்றாள். "அடி சோம்பேறிக் கழுதை, தண்ணியைப் பார்த்து ஊத்து!" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்தபின் துண்டால் துடைத்தது வாயை அல்ல, கண்ணை.

கடைசிக் கூட்டம் வந்தது. எங்கள் போதகர் ஐயா நல்ல மனுஷர், இளகின மனசு. "உங்களை நாங்க மறக்கமாட்டோம். ஆண்டவர் கிருபையால அடுத்த வருஷம் கண்டிப்பா மறுபடியும் வருவோம்" என்றார். அவள் வாயைத் துடைத்துச் சின்னதாக ஏதோ சொல்லி முடித்தாள்.

"எல்லாம் சொல்லிட்டியாம்மா?" என்றார் ஐயா.

"சொல்லிட்டேங்கய்யா."

அந்த ஊர்ப் பேச்சில் எனக்குத் தெரிந்தது 'வருவது' என்பதற்கான வார்த்தை ஒன்றுதான். தினமும் ஜனங்களைச் சாப்பிடக் கூப்பிட அவளே சொல்லிக்கொடுத்தது. அவள் சொன்னதில் அது இல்லை.

சட்டி கழுவும்போது, வருவோம் என்றதை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டேன். சாம்பலைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"கூட்டத்துல என் காலடியில ஒரு பிள்ளை உக்காந்திருக்குமே, பார்த்தீங்களா? சுவரைப் பிடிச்சு நடக்குமே, அது. உங்களுக்கு முன்னாடி வேற ஒரு கூட்டம் வந்துச்சுக்கா. அதுல இருந்த டாக்டரம்மா இந்தப் பிள்ளை கண்ணைப் பார்த்துட்டு, அடுத்த வருஷம் கண் டாக்டரோட வர்றோம், சரியாயிடும்னு அழுதுகிட்டே சொன்னாங்க. நான்தான் அதோட அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். என் அம்மா மேல ஆணையா வருவாங்கன்னு நானா ஒரு வார்த்தை சேர்த்து வேற சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னு ஊரே சொல்லுச்சு. அவ போகல. அவங்கதான் வர்றாங்களேன்னுட்டா. அவங்களுக்கு என்ன கஷ்டமோ, வரல. அப்புறம் கூட்டிட்டுப் போனப்ப, இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாங்க."

"நீ என்னம்மா பண்ணுவே? அவங்க சொன்னதைத்தானே சொன்னே?"

"அந்தப் பிள்ளைக்கு டாக்டரம்மா குரல் தெரியாதுக்கா. என் குரல்தான் தெரியும். என் சத்தம் கேட்டா சுவரைப் பிடிச்சுக்கிட்டு வந்துடும். வந்துட்டாங்களான்னு என்னைத்தான் கேக்கும்."

நான் அவள் கையிலிருந்த சட்டியை வாங்கி வைத்துவிட்டு, அவளுக்காக மனசுக்குள் ஜெபம் பண்ணினேன்.

மறுநாள் காலையில் வேன் புறப்பட்டபோது எங்கள் ஆட்கள் எல்லாரும் கையை வெளியே நீட்டி, "போயிட்டு வர்றோம்! போயிட்டு வர்றோம்!" என்று கத்தினார்கள். அந்த ஜனத்துக்கு அது புரியாது. புரிகிற ஒருத்தி அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். நான் மட்டும் அதைச் சொல்லவில்லை.

வேன் நகரத் தொடங்கியதும், பிள்ளையை அங்கேயே நிறுத்திவிட்டு என் ஜன்னலுக்கு ஓடிவந்தாள்.

"நீங்க வருவீங்களாக்கா?"

நான் வாயைத் திறந்தேன். சாம்பல் வாசனை போகாத உள்ளங்கையை உள்ளே நீட்டி என் வாயைப் பொத்தினாள்.

"வேணாங்க்கா. சொல்லிடாதீங்க."