அரக்கு சுடாத விரல்

எங்கள் வீட்டில் பேனாப் பைத்தியங்கள் இரண்டு பேர் இருந்தோம். ஒருவர் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. இன்னொருத்தி நான். அப்போது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவை நைனா என்போம்; அவருக்கு இந்தப் பைத்தியம் கொஞ்சமும் பிடிபடாது. செய்யூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கிவந்து செங்கல்பட்டு மண்டியில் விற்கிறவர் அவர். காதில் செருகியிருக்கும் பென்சில் துண்டை எடுத்துக் கைக்குக் கிடைத்த தாளில் எதையோ கிறுக்குவார். மறுநாள் அதை அவராலேயே படிக்க முடியாது. மாமாவைக் கூப்பிட்டு, "நான் இன்னா எழுதிக்கீறேன், கொஞ்சம் பார்த்து சொல்லு" என்பார். மாமா அந்தத் தாளை அடிபட்ட குருவியைத் தூக்குவதுபோல் எடுத்து, மனம் நொந்து, படித்துச் சொல்வார்.

மாமாவுக்குக் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா வேலை. தீர்ப்புகளையும் மனுக்களையும் பார்த்துப் பிழையில்லாமல், அழகாகத் திரும்ப எழுதித் தரவேண்டும். அவருடைய கையெழுத்தைப் பார்த்தே அந்த வேலையைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள் என்பது அம்மாவின் பெருமை. அவரைப் பெற்றவர்கள் இல்லாததால் எங்களோடேயே இருந்தார். முன்னறையில் அவருக்கு ஒரு கட்டிலும் ஒரு சாய்வு மேசையும் ஒரு தகரப் பெட்டியும் உண்டு.

அந்தப் பெட்டியைத் திறந்தால் மையும் புதுத்தாளும் கற்பூரமும் கலந்த ஒரு வாசனை வரும். அதற்காகவே நான் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்காருவேன். பேனாக்கள் ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருப்பார். ஒற்றுத்தாள், புல்ஸ்கேப் தாள், நிப்புகள் போட்டுவைத்த ஒரு பித்தளைச் சிமிழ் எல்லாம் அதற்குள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வெந்நீர்க் கிண்ணத்தில் பேனாக்களைக் கழுவுவோம். நிப்பிலிருந்து நீலம் புகைபோல் அவிழ்ந்து தண்ணீரில் பரவுவதை இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்போம். வீட்டில் வேறு யாருக்கும் பெட்டியைத் தொட அனுமதி இல்லை. பச்சையில் கருப்பு வரியோடிய ஒரு பேனாவின்மேல் எனக்குக் கண். "நாலாவது பாஸ் பண்ணு பாப்பா, அது உனுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார்.

என் அக்காவை மாமாவுக்குக் கொடுப்பதாக முன்பே பேசி முடித்திருந்தார்கள். வைகாசியில் கல்யாணம். பேச்சு முடிந்த நாளிலிருந்து அக்கா மாமா எதிரில் வருவதில்லை. ஆனால் மாமாவுக்கு மோர் வேண்டுமா, விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டுவர என்னை ஓயாமல் அனுப்புவாள். கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கக் கூடாது, எல்லாவற்றையும் நானே கைப்பட எழுதுவேன் என்று மாமா பிடிவாதமாக இருந்தார். நைனா தலையில் அடித்துக்கொண்டார். அக்காவுக்கு உள்ளூர அதில் பெருமை.

தடித்த தாள் வாங்கிவந்து மாதிரி எழுத ஆரம்பித்தார். ஆனால் அந்த மார்கழி முழுக்க எதுவும் அவருக்குத் திருப்தியாகவில்லை. வரி கடைசியில் சரிந்து போகும். அக்காவின் பெயரில் வரும் சுழி சுழிக்காமல் நசுங்கும். தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, நிப்பு சரியில்லை என்பார். தாள் மையை உறிஞ்சுகிறது என்பார். பட்டணம் போய்ப் புதுப்பேனா வாங்கி வருவார். சில நாளில் அதையும் குறை சொல்லிவிட்டு மறுபடி பட்டணம் போவார். எனக்கு அது பெரிய கொண்டாட்டம். ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குள் ஒரு புதுப்பேனா.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் அரக்கு வைக்கிற விளையாட்டில் இறங்கினோம். கோர்ட்டில் உறைகளுக்கு அரக்கு வைப்பதைப் பார்த்துப் பார்த்து மாமாவுக்கு அதில் ஆசை. சொந்தமாக ஒரு சிவப்பு அரக்குக் குச்சியும் பித்தளை முத்திரையும் வாங்கி வைத்திருந்தார். அப்படிப் பாதுகாத்து அனுப்ப எங்களிடம் ரகசியம் எதுவும் இல்லாததால் வெறும் உறைகளுக்கு வைத்துப் பார்ப்போம். அன்றைக்கு மெழுகுவத்தியில் காட்டிய அரக்கு உருகி, உறையில் விழுந்தது போக, உறையை அழுத்திப் பிடித்திருந்த மாமாவின் வலது சுண்டுவிரலிலும் புளியங்கொட்டை அளவுக்குச் சொட்டியது. நான் அலறிவிட்டேன். மாமா நிதானமாக முத்திரையை அழுத்திக்கொண்டே, "இன்னா பாப்பா?" என்றார்.

நான் விரலைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். அரக்கைப் பெயர்த்து எடுத்தபோது தோலும் கூடவே கொஞ்சம் வந்தது.

"சுடவே இல்லியா மாமா? இன்னொரு வாட்டி செஞ்சி காட்டு."

மாமா மெழுகுவத்தியை ஊதி அணைத்தார். பிறகு மை தொட்டு எழுதும் ஒரு கட்டைப் பேனாவை என்னிடம் கொடுத்தார். "வேற வெளாட்டு வெளாடலாம். நான் கண்ண மூடிக்கிறேன். நீ நிப்பால குத்து. எந்த விரல்னு நான் சொல்றேன்."

கட்டைவிரலில் குத்தினேன். சொன்னார். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டையும் உடனே சொன்னார். மோதிர விரலில் தடுமாறி, யோசித்துச் சொன்னார். அப்புறம் சுண்டுவிரலில் குத்தினேன். அவர் கண்ணை மூடியபடியே, "ம், குத்து" என்றார்.

"குத்திட்டேனே."

"இன்னும் நல்லா குத்து பாப்பா."

பலமாகக் குத்தினேன். மையோடு ரத்தமும் ஒரு பொட்டு வந்தது. மாமா கண்ணைத் திறக்காமல் காத்துக்கொண்டிருந்தார். மாமா என்னிடம் எந்த விளையாட்டிலும் தோற்றதில்லை. நான் கைதட்டிக் குதித்து, "மாமா தோத்துட்டாரு, மாமா தோத்துட்டாரு" என்று கத்திக்கொண்டே சமையலறைக்கு ஓடி அக்காவிடம் சொன்னேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் பெட்டியில் பூட்டுத் தொங்கியது.

ஞாயிறு வந்தது, வெந்நீர்க் கிண்ணம் வரவில்லை. நான் போய்க் கேட்டதற்கு, "தொடாத, போ" என்றார். இரண்டே வார்த்தை. என் தோளில் கை போடுவதை நிறுத்திவிட்டார். தன் தட்டையும் டம்ளரையும் தானே கழுவித் தன் அறையிலேயே கவிழ்த்து வைத்துக்கொண்டார். கோர்ட்டுக்காரர் ஆச்சாரம் படித்துவிட்டார் என்று நைனா கேலி செய்தார். இதில் எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. தினமும் காலையில் என்னை வெயிலில் நிறுத்தி, எட்ட நின்றபடி, "கைய நீட்டு, திருப்பு, அந்தப் பக்கம் காட்டு" என்று என் கைகளையும் கழுத்தையும் உற்று உற்றுப் பார்ப்பார். பெட்டியை நான் திருட்டுத்தனமாகத் திறந்தேனா, எங்கேயாவது மைக்கறை இருக்கிறதா என்று சோதிக்கிறார் என்று நினைத்தேன். திருடாதவளைத் திருடி என்று சந்தேகப்பட்டது எனக்குப் பொறுக்கவில்லை. மாமா கஞ்சனாகிவிட்டார் என்று அம்மாவிடம் புகார் செய்தேன். அம்மா, "கல்யாணம் வருதில்ல, யோசனை இருக்கும்" என்றாள்.

மாசி மகத்துக்கு எல்லோரும் பஸ்ஸில் மாமல்லபுரம் போனோம். கரை கொள்ளாத ஜனம். சாமி கடலுக்கு வந்திருந்தது. எல்லோரும் தலை முழுகிக்கொண்டிருந்தபோது மாமாவை மட்டும் காணவில்லை. தேடிக்கொண்டு கூட்டம் இல்லாத பாறைப் பக்கம் போனேன். மாமா முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். இடுப்பில் கட்டியிருந்த துணி மூட்டையிலிருந்து ஏதோ எடுத்து வீசினார். வெயிலில் அது ஒரு தடவை மின்னியபோதுதான் பேனா என்று தெரிந்தது. அடுத்தது பச்சைப் பேனா.

"அது எனுக்குத் தரேன்னியே மாமா" என்று அழுதுகொண்டே தண்ணீரில் இறங்கினேன்.

"வராத. அங்கியே நில்லு."

"எனுக்கு அதான் வோணும்."

"புதுசா வாங்கித் தரச் சொல்றேன் உங்க அம்மாவ. இது வாணாம் பாப்பா, நல்லதில்ல."

என் கண் எதிரிலேயே வீசினார். எனக்குக் கொடுப்பதைவிடக் கடலில் போடுவது மேல் என்று ஒருவர் நினைப்பாரா என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அவர் கடைசி வரிசையில் தனியாக நின்றுகொண்டு வந்தார்.

பங்குனி பிறந்ததும் நைனாவிடம் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நைனா முதலில் விளையாட்டு என்று நினைத்தார்.

"வாணாம்னா இன்னா அர்த்தம்? பொண்ணு புடிக்கலியா?"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நைனா குரலை உயர்த்தினார். அக்கம்பக்கம் கூடியது. கடைசியில் நைனாவே காரணத்தைக் கண்டுபிடித்தார். "பட்டணத்துல எவளோ கீறா. அதான் பேனா வாங்கறேன், பேனா வாங்கறேன்னு மாசத்துக்கு ரெண்டு வாட்டி போய்கினு இருந்தான்." அவ்வளவு பேனாவுக்கும் ஊருக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. மாமா அதை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா அன்று உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தாள்.

அக்காவை வேறு இடத்தில், அச்சரப்பாக்கத்தில் கொடுத்தோம். நல்ல மாப்பிள்ளைதான். அவளுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து, நான் வாத்தியார் வேலைக்குப் படித்து முடித்த பிறகு ஒருநாள் மாமா இறந்துபோன சேதி வந்தது. அன்றுதான் அம்மா எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள். மாமாவுக்கு வந்தது குஷ்டம். அரக்கு விழுந்த மறுநாளே, கோர்ட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பி, திருமணியில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டியிருக்கிறார். விஷயம் வெளியே தெரிந்தால் அக்காவையும் என்னையும் எந்த வீட்டிலும் எடுக்கமாட்டார்கள் என்று, வீட்டைவிட்டுப் போகுமுன் அம்மாவிடம் மட்டும் சொல்லி, நைனாவுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். தங்கி மருந்து சாப்பிட்டதில் நோய் நின்றுபோனது. ஆனால் மடங்கிய விரல்கள் நிமிரவில்லை. திரும்ப வந்து ஊருக்கு என்ன சொல்வது என்று அங்கேயே பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடுகிற தூரம். அம்மா அடிக்கடி திருக்கழுக்குன்றம் கோயிலுக்குப் போய்வருவாள். இவளுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நைனா சிரிப்பார். அவள் பாதி நாள் கோயிலுக்கே போகவில்லை.

அம்மா சொல்லச் சொல்ல நான் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலில் நிறுத்தி அவர் தேடியது மைக்கறையை இல்லை. எங்கேயாவது தேமல் தெரிகிறதா, என்னோடு அத்தனை நாள் பேனாக்களைப் பகிர்ந்துகொண்டதால் எனக்கும் ஒட்டிவிட்டதா என்று ஒவ்வொரு நாளும் பயந்து பயந்து பார்த்திருக்கிறார். நான் போய் ஒரு தடவை பார்த்திருக்கலாம். போய்ப் பார்க்க இனி அவர் இல்லை.

அக்கா அழவில்லை. "எந்தக் கையி?" என்று மட்டும் கேட்டாள்.

"சோத்துக் கை" என்றாள் அம்மா.

அக்கா எழுந்துபோய்க் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாமா வீட்டைவிட்டுப் போன காலை மட்டும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. சித்திரை மாதம். வாசலில் ஜட்கா வந்து நின்றது. நைனா வேண்டுமென்றே முன்னதாகவே மண்டிக்குப் போய்விட்டார். அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். மாமா ஜட்காவில் ஏறுமுன் நின்று, "பாப்பா, போய்ட்டு வரேன்" என்றார். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அக்காவை அழவைத்தவரோடு எனக்கு என்ன பேச்சு. கொஞ்சம் பொறுத்து, போய்விட்டாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். போகவில்லை. அம்மா சாப்பாட்டு மூட்டையை அவர் கையில் கொடுக்காமல் ஜட்காவின் பலகைமேல் வைத்தாள். அவர் வெளியூர் போகும்போதெல்லாம் தலையைத் தடவி அனுப்புவது அவள் வழக்கம். அன்றும் கையைத் தூக்கினாள். மாமா வேண்டாம் என்று தலையை அசைத்தார். அம்மாவின் கை பாதியில் நின்று, கீழே இறங்கியது. ஜட்கா தெருமுனை திரும்புகிறவரை அப்படியே நின்றுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

அம்மாவும் அவரைத் தொடவில்லை என்பதை நான் கவனித்துக்கொண்டேன். பக்கத்தில் போய், "நீயும் மாமா கூட காய் வுட்டுட்டியாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆமாண்டி" என்றாள்.

என் கட்சிக்கு ஓர் ஆள் சேர்ந்த சந்தோஷத்தில் அவள் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டேன்.