ஐந்து விரலும் ஒரு மோதிரமும்

கசிவக்காவின் பிழைப்பே ஒன்றுமில்லாததை உண்டாக்குவதுதான். நாற்பது மீட்டர் முடுக்கிக் குழாயிலிருந்து காற்றை ஒட்ட உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்போதுதான் புரோட்டான்கள் முட்டாமல் மோதாமல் ஓடி, கோடியில் இருக்கும் பெரிலியத் தகட்டில் இடித்து நியூட்ரான்களைத் தெறிக்கவிடும். அதை வைத்துப் பெரிய படிப்புக்காரர்கள் உலோகத்துக்குள் எட்டிப்பார்ப்பார்கள். எங்கே கசிந்தாலும் கண்டுபிடிப்பாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். "பதினேழு வருஷமா வெறுங்குழாய்க்குச் சம்பளம் வாங்குறா என் மருமக" என்பாள் மாமியார். அது பெருமையா பொருமலா என்று யாருக்கும் தெரியாது.

பதினேழு வருஷமும் ஒப்பந்த வேலைதான். ஆய்வக இயக்குநர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் வாசலில் விடுவார்கள். இந்த வருஷக் கையெழுத்து வெள்ளிக்கிழமை. வெற்றிடமோ திங்கட்கிழமை முதல் சண்டிமாடாய்ப் படுத்துக்கொண்டது.

ஒவ்வொரு இணைப்பிலும் ஹீலியம் ஊதிப் பார்த்தாள். ஓட்டை இருந்தால் கருவி கத்தும். கத்தவில்லை.

"கசிவு இல்ல சார். உள்ள ஏதோ அழுக்கு. விரல் எண்ணெய்ப்பசை பட்டாலே போதும், மாசக்கணக்கா வாயு விட்டுக்கிட்டே இருக்கும்."

"உள்ளே துடைச்சது யாரு?" என்றார் இயக்குநர்.

"நான்தான்."

"அப்ப அழுக்கும் உன்னுதுதான்."

அடடா, என்ன ஞானம்! இதற்குத்தான் மனிதர் மூன்று பட்டம் வாங்கினார் போல. உடனே விசாரணைக்குழு போட்டார். குழுவில் மூன்று பேர். அவர் இருமினால் மூவரும் தண்ணீர் நீட்டுவார்கள்.

இரண்டு கையுறை போட்டு, மூச்சைக்கூட முகத்தைத் திருப்பி விடுகிறவள் கசிவக்கா. குழாயை மூடிய அன்றைக்கு மட்டும், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், இடம் போதாது என்று அவளை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

வியாழக்கிழமை எல்லார் முன்னாலும் குழாயைத் திறந்தார்கள். தாமிரச் சுவரில் ஐந்து விரல் கறுத்துப் பதிந்திருந்தது. மோதிர விரலை ஒட்டி ஒரு கீறல். அவள் தன் கையைத் தொடாமல் பக்கத்தில் நீட்டிக் காட்டினாள். அவள் கை அதில் முக்கால்கூட இல்லை. மோதிரமும் இல்லை.

"யாரோடதுன்னு எப்படிம்மா சொல்றது?" என்று குழுத் தலைவர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. தினமும் அதைத் தாண்டித்தானே உள்ளே வருகிறாள்!

"வரவேற்பறைக்கு வாங்க சார், காட்டுறேன்."

அங்கே ஆளுயரப் படம் ஒன்று தொங்கியது. இயக்குநரே சட்டம் போட்டு மாட்டச் சொன்னது. குழாயை மூடுவதற்கு முன், வெறுங்கையை உள்ளே விட்டு வழவழப்பைத் தடவிக்கொண்டு, அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே வந்து நின்ற அசல் இயக்குநரின் வலது கை மெல்லச் சட்டைப்பைக்குள் போகப் பார்த்தது. மோதிரம் துணியில் மாட்டிக்கொண்டது. யாரும் இருமவில்லை.

மறுநாள் குழுவின் அறிக்கை வந்தது. குற்றவாளி யார் தெரியுமா? புகைப்படம்! ஆய்வகத்தில் இனிப் படம் எடுக்கக் கூடாதாம். அந்தப் படத்தைக் கசிவக்கா உடனே கழற்ற வேண்டுமாம். அவள் ஒப்பந்தத்தில் இயக்குநர் கையெழுத்துப் போட்டார்.

அவள் கழற்றினாள். "எங்க மாட்டக் கூடாதுன்னு போடலையே" என்று முடுக்கிக் கூடத்து வாசலில், கையுறை அலமாரிக்கு மேலே மாட்டினாள்.

குழாயை மறுபடி துடைத்து மூடி, அடுத்த மாதம் நியூட்ரானும் வந்தது. அதற்கடுத்த வாரம், இன்னும் மூடாத புதுக் குழாய் ஒன்றை விருந்தாளிகளுக்குக் காட்ட இயக்குநர் வந்தார். தன் சிரிப்புக்குக் கீழே ஒரு நிமிஷம் நின்றார். மோதிரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு ஜோடி கையுறை எடுத்து மாட்டிக்கொண்டார்.