வீட்டுக்கு ஒரே முதல் பட்டதாரி

என் தம்பியின் முன்பல்லில் பாதி இல்லை. தாலுகா ஆபீஸ் வாசலில், ஸ்கூட்டர்கள் நிறுத்தும் இடத்தில், காலை பதினொரு மணி வெயிலில் அதை உடைத்தது நான்தான்.

தம்பி என்றால் பெரிய வயது வித்தியாசமெல்லாம் இல்லை. நாங்கள் இரட்டை. நான் கொஞ்சம் முந்திக்கொண்டேன். அந்தச் சில நிமிடங்களை வைத்துக்கொண்டு பதினெட்டு வருடம் அவன் உயிரை வாங்கியிருக்கிறேன். அண்ணா என்று கூப்பிட்டால்தான் டிவி ரிமோட் கைக்குப் போகும்.

பிளஸ் டூ முடித்ததும் இருவருக்குமே கவுன்சிலிங்கில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. எனக்கு வேப்பம்பட்டுப் பக்கம், அவனுக்குப் பூந்தமல்லி தாண்டி. நைனா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். எங்கள் சொந்தத்தில் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் உண்டு. அதைக் கொடுத்தால் டியூஷன் ஃபீஸை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். ஆனால் வீட்டுக்கு ஒருவருக்குத்தான். ஒரே வீட்டில் ஒரே நாளில் இரண்டு பேர் பிறந்து தொலைத்தால் என்ன செய்வது என்று படிவத்தில் எழுதியிருக்கவில்லை.

வேறு யாரும் இந்தச் சலுகை வாங்கவில்லை என்று வீட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கேஸ் கனெக்‌ஷன் பேப்பர் என்று சொல்லி நான் தம்பியிடம் வாங்கினேன். அதற்கு முந்தின நாளே ரேஷன் கார்டு திருத்தம் என்று சொல்லி அவன் என்னிடம் வாங்கிவிட்டிருந்தான். இரண்டு பேப்பரும் ஒரே வி.ஏ.ஓ. மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டன. அவர் எங்களையும் நைனாவையும் தாலுகா ஆபீஸுக்கு வரச் சொன்னார்.

"இன்னாய்யா, ஒரே ஊட்ல ரெண்டு மொதலா? வெளிய போயி பேசி முடிவு பண்ணிகினு வாங்க."

வெளியே வந்து பேசினோம்.

"நான்தான்டா அண்ணன். மரியாதையா உன் பேப்பர வாபஸ் வாங்கு" என்றேன்.

"மொதல் பட்டதாரினுதான் போட்டுகீது. மொதல் புள்ளனு போடல. நீ படிக்கவா போற? பஸ்ல பாட்டு போட போற" என்றான்.

சொன்னது உண்மை. அதனால்தான் கை முந்தியது. வாயைப் பார்த்துக் குத்தினேன். அவன் யாருடைய வண்டியிலோ இருந்த ஹெல்மெட்டை எடுத்து என் காதோடு சேர்த்து வீசினான். காதுக்குள் விசில் ஊதியது. சட்டையைப் பிடித்துக்கொண்டு இருவரும் ஸ்கூட்டர்களுக்கு நடுவில் விழுந்தோம். அவன் தலையைத் தரையில் இடித்தேன். அவன் என் தோளைக் கடித்தான். நைனா செருப்பைக் கழற்றிக்கொண்டு வந்தார். மேலே எந்தத் தலை தெரிந்ததோ அந்தத் தலைக்கு அடி.

"ஸ்டாண்டு போட்ட வண்டிடா, சனியனுங்களா!" என்று மனு எழுதுகிறவர் கத்தினார். எங்களைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

ரத்தத்தோடு உள்ளே போனோம். வி.ஏ.ஓ. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"யாருக்குய்யா?"

தம்பி இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தான். பேச முடியவில்லை. நான் பேசினேன். சான்றிதழ் எனக்கு வந்தது.

தம்பியின் ஃபீஸுக்கு நைனா பி.எஃப். பணத்தை எடுத்தார். போதாத மிச்சத்துக்குத் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பரம்பாக்கம் குடோனில் லோடு இறக்கப் போனான். நான் பஸ் ஜன்னலைத் தட்டிக் கானா பாட்டுப் போட்டேன். வருடக் கடைசியில் ஒரே ஒரு பேப்பர்தான் பாஸ். இரண்டாம் வருடம் தொடங்கியதும் காலேஜுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அந்த வாரம் தம்பி காலேஜில் நோட்டீஸ் ஒட்டினார்கள்: அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் இரண்டாம் வருட ஃபீஸ் கட்டாவிட்டால் எக்ஸாம் எழுத விடமாட்டார்கள்.

நான் எழுந்துவிட்டால் என் சலுகை சீட்டில் தம்பி உட்கார்ந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். பஸ் மாதிரி. என் காலேஜ் ஆபீஸில் போய் டி.சி. கேட்டேன்.

"மீதி வருசத்துக்கெல்லாம் ஃபீஸ கட்டிட்டு வாங்கிக்க."

"அதுக்கு நான் படிச்சே முடிச்சிருவேனே சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கவுன்டர் கண்ணாடியில் குத்தினேன். அது உடையவில்லை, என் விரல்தான் வீங்கியது. இரண்டு செக்யூரிட்டிகள் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே எறிந்தார்கள். முட்டி தேய்ந்தது. அப்படியே நொண்டிக்கொண்டு வி.ஏ.ஓ.விடம் போனேன்.

"ஒரு தபா வாங்கியாச்சுனா அவ்ளோதான் தம்பி. நீ முடிச்சாலும் முடிக்காட்டியும் உங்க ஊட்டுக்கு இனிமே கெடையாது."

ஞாயிற்றுக்கிழமை குடோனுக்குப் போய்த் தம்பியிடம் சொன்னேன். எனக்குச் சிரித்துக்கொண்டேதான் எதையும் சொல்ல வரும்.

"உங்க அண்ணன் காலேஜுக்கு லீவு உட்டுட்டேன்டா. பெர்மனன்ட்டா."

அவன் தலையிலிருந்த பெட்டியை மெதுவாக இறக்கி வைத்தான்.

"அப்ப அத்த எனக்கு மாத்தி குடுப்பாங்களா?"

"கேட்டேன். மாட்டாங்களாம்."

முதல் அடி மூக்கில். இரண்டாவது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, நான் தரையில் இருந்தேன். விலாவில் உதைத்தான். தலைமுடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி அறைந்தான். "ஏன்டா வாங்குன? அப்ப ஏன்டா வாங்குன?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டான். நான் கையைத் தூக்காமல் கிடந்தேன். லோடுமேன்கள் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து பார்த்தார்கள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "ரவுடித்தனமா? ரெண்டு பேரும் கேட்டுக்கு வெளிய போங்கடா! இனிமே ஞாயித்துக்கெழம நீ வராத!"

தம்பியின் கை அப்படியே நின்றது. அவன் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

நான் எழுந்து நின்றேன். "நான்தான் சார் வம்பு இழுத்தேன், அவன் மேல தப்பு இல்ல. ஆளு பத்தலனு சொன்னீங்களாமே. தெனமும் வரேன். கூலிய அவன் பேர்ல போடுங்க. வெள்ளிக்கெழமைக்கு முன்ன கொஞ்சம் அட்வான்ஸ் மட்டும் வேணும்."

அவர் என் மூக்கையும் அவன் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். லாரி வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"மொதல்ல ரத்தத்த தொட. அட்டைப்பெட்டி மேல பட்டா உன்னை ஒதச்சிருவேன்."

குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்தேன். தம்பி ஒரு பெட்டியைத் தூக்கி என் நெஞ்சில் மோதினான். வீங்கிய விலாவில் சுரீர் என்றது.

"இத்தயும் பாதில உட்டுட்டு ஓடுன, கால ஒடச்சிருவேன்" என்றான்.

"சரிண்ணா" என்றேன். இன்னொரு அறை விழுந்தது. பெட்டியைக் கீழே போடாமல் வாங்கிக்கொண்டேன்.