தின்னர் குறச்சு

எனக்க வீட்டுக்காரரு தங்கையன் விழுந்த கதையை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லுவாங்க. குடிச்சிட்டு ஏறினாருன்னு கூட ஒருத்தி பறைஞ்சா. அவ நாக்கு அழுகட்டும். நடந்தது என்னன்னு எனக்குத்தான் தெரியும்.

சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறதுதான் அவருக்கு வேலை. முதல் தடவை, தொண்ணூத்தி மூணுல, தனுவச்சபுரத்துல ஒரு மாடி வீட்டுச் சாரத்துல இருந்து விழுந்து கணுக்கால் நொறுங்கிப் போச்சு. டாக்டர் முகத்துக்கு நேர சொன்னாரு, இனி உயரத்துல ஏறப்பிடாது, அந்தக் காலு நிக்காது, அடுத்த தடவை விழுந்தா எழும்ப மாட்டீருன்னு. சாரத்துல ஏறாத பெயிண்டரை எவன் கூப்பிடுவான்? நாலு மாசம் கூரையைப் பாத்துக்கிட்டே கிடந்தாரு. பின்ன ஒருநாள் காலையில, "எட்டி லீலா, காருக்குத் தரையில நின்னுல்லா பெயிண்ட் அடிக்கணும்" அப்படீன்னாரு. கர்த்தாவே, எனக்கு அழுகை வந்துட்டு.

நெய்யாற்றின்கரை ஸ்டாண்டுல அம்பாசடர் ஓட்டுற மோகனன் இவருக்குக் கூட்டுக்காரன். டாக்ஸி எல்லாத்துக்கும் வருஷா வருஷம் சர்க்கார் டெஸ்ட் உண்டு, அதுக்கு முன்ன பெயிண்ட் அடிச்சாகணும். "முதல் வண்டி என்னதை எடுத்துக்கோ, நல்லா வந்தா ஸ்டாண்டே உனக்க கிட்ட வரும்" அப்படீன்னு அவன் கொண்டு விட்டான். நல்லா வந்தா தரையில நின்னே பிழைச்சுக்கலாம். வராட்டா மறுபடியும் சாரம்தான்.

பெயிண்ட் பீச்சுற கன்னும் அதுக்குக் காத்து குடுக்குற கம்ப்ரசரும் வாடகைக்கு வந்துச்சு. மூணு நாளு பழைய பெயிண்டைத் தண்ணிப் பேப்பர் போட்டு உரைச்சு, பள்ளத்துல பட்டி போட்டு, மறுபடியும் உரைச்சோம். எனக்க விரல்ல தோலே இல்லை. கறுப்பு எனாமலைக் கலக்குறது எனக்க பாடு. டப்பாவை அடி வரைக்கும் கிண்டணும், அடியில உறைஞ்சு கிடக்கும் பாருங்க, அதைக் கலக்காம விட்டா நிறம் வராது. பின்ன பெயிண்டை இளக்குறதுக்குத் தின்னர் ஊத்தணும், பழைய வேட்டித் துணியில வடிகட்டணும். கம்பைத் தூக்கினா நூலு மாதிரி இறங்கி, பின்ன துளியா அறுந்து விழணும். அதாக்கும் பதம். நூலாவே நின்னா கட்டி. எடுத்த உடனே பொளபொளன்னு சொட்டினா வெள்ளம், அடிச்சா ஒழுகும்.

முதல் டப்பாவை மட்டும் எனக்குப் பதம் காட்ட அவரே கலக்கினாரு. பானட்டு கண்ணாடி மாதிரி வந்துச்சு, ஓரத்துல மட்டும் லேசா ஒழுகப் பாத்துது. மோகனன் கையைத் தட்டினான். ரெண்டாவது டப்பாவுக்கு நான் பழைய அளவுக்குத் தின்னர் ஊத்தி முடிச்ச நேரம், முகத்துல துணி கட்டிக்கிட்டு, கம்ப்ரசர் போடுற கூப்பாட்டுக்கு மேல அவரு கத்தினாரு: "எட்டி, தின்னர் குறச்சு!"

எல்லையில கிடக்குற எங்க ஊருல நாக்கு ரெண்டு. வீட்டுல தமிழு, வேலைன்னு வந்தா மலையாளம். மோகனன் கிட்ட காலையில இருந்து இவரு மலையாளம்தான் பேசிட்டிருந்தாரு. மலையாளத்துல குறச்சுன்னா கொஞ்சம். இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லுதாருன்னு நான் ஊத்தினேன். கம்பைத் தூக்கிப் பாத்தா பொளபொளன்னு விழுது. மனசுல ஒரு இடிப்பு. ஆனா தொழில்காரருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுதுன்னு கன்னுக்க கப்புல ஊத்திக் கொடுத்துட்டேன்.

கதவுல அடிச்ச பெயிண்டு மேல இருந்து கீழ வரைக்கும் ஒழுகிச்சு. உரைச்சு மறுபடியும் அடிக்க நேரம் இல்லை, மறுநாள் டெஸ்ட். மோகனன் வண்டியை அப்படியே எடுத்துட்டுப் போனான். ஸ்டாண்டுல எல்லாவனும் அந்தக் கதவைத் தடவித் தடவிச் சிரிச்சானுவளாம். பின்ன ஒரு வண்டியும் வரல்ல.

அன்னைக்குச் சோத்துல கையை வச்சுக்கிட்டு அவரு சொன்னாரு: "தின்னரைக் குறைக்கச் சொன்னேன், நீயும் குறைச்சே. பின்னயும் ஒழுகிச்சுன்னா குற்றம் எனக்க கையில ஆக்கும். நடுங்குது போல."

அப்பத்தான் எனக்கு உறைச்சுது, மனுஷன் தமிழ்லல்லா கத்தியிருக்காரு! வாயைத் திறந்து சொல்ல எனக்கு என்ன கேடு? கொழுக்கட்டையா வச்சிருந்தேன்? வண்டி கெட்டது என்னாலன்னு சொல்லப் பயம். நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு ஒரு மாசம் போச்சு. அவரு கன்னைத் திருப்பிக் கொடுத்துட்டு, ஒற்றசேகரமங்கலத்துல ஒரு வீட்டு வேலைக்குப் போயி சாரத்துல ஏறினாரு. மூணாவது நாள் விழுந்தாரு, கட்டில்ல வச்சுக் கொண்டு வந்தாங்க. இடுப்புக்குக் கீழ உணர்வு ஒண்ணும் இல்லை.

படுக்கையில ஒரு வருஷம் ஆன பிறகுதான் சொன்னேன். முதுகுப் புண்ணைத் துடைச்சுக்கிட்டே, அவரு முகத்தைப் பாக்காம, எல்லாத்தையும் சொன்னேன். கையில கிடைச்சதை எடுத்து எறிவாருன்னு நினைச்சேன். எறிஞ்சிருந்தா கொள்ளாம், மனசாவது ஆறியிருக்கும்.

"அப்பம் எனக்க கையி செரியாத்தான் இருந்துதா?" அப்படீன்னு கேட்டாரு.

"செரியாத்தான் இருந்துச்சு."

கையைத் தூக்கி, அங்கயும் இங்கயும் திருப்பிப் பாத்தாரு. ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்னைக்குத்தான் சிரிச்சாரு. மத்தியானம் மோகனன் பாக்க வந்தான். "எலே மோகனா, கேட்டியா, எனக்க கையில ஒரு குற்றமும் இல்லையாக்கும். தின்னர் கூடிப்போச்சு, அவ்வளவுதான்" அப்படீன்னாரு. பின்ன வந்தவங்க எல்லார்ட்டயும் அதையே சொன்னாரு. சாவுறது வரைக்கும் சொன்னாரு. ஊத்தினது யாருன்னு மட்டும் ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல.