பிசையக் கூடாத மாவு

எங்கள் வீட்டில் மாவு பிசைவது என் கணவரின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயம். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளை நான் அடக்கி உட்கார வைத்துவிடுவேன். ஆனால் ஒரு பேசின் கோதுமை மாவை என்னால் அடக்க முடியாது என்பது அவருடைய தீர்ப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, துருவிய தேங்காய்ப்பூவைப் போட்டு மாவை அடித்துப் பிசைகிற சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும். ரொட்டி அருமையாக இருக்கும். அதனால் நானும் இந்த விஷயத்தில் ரோஷம் பார்ப்பதில்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் எங்கள் மகள் பிசையவே தேவையில்லாத மாவில் சுடுகிற ஒரு பாணைக் கொண்டு வந்து சேர்த்தாள்.

அவள் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். பாண், கேக் எல்லாம் சுடுகிற பேக்கரிப் பகுதி. ஆசிரியர் பயிற்சிக்குக் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவள். எனக்கு வருத்தம்தான். சில வாரங்கள் புலம்பினேன், தீர்ந்துவிட்டது. அவர் புலம்பவே இல்லை. அவருடைய அம்மா தேயிலைத் தோட்டத்து துரை பங்களாவில், குசினியில் சமையல் வேலை செய்தவர். "அந்தப் பங்களாக் குசினியோட நம்ம கத முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு மகளின் வேலையைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. அவளிடம் பேசாமல் இருக்கிறார் என்று இல்லை. பஸ் கிடைத்ததா, சளி பிடித்திருக்கிறதா, ஸ்வெட்டர் எங்கே என்று ஆயிரம் கேட்பார். அவள் போனை நீட்டி, தான் செய்த கேக்கின் படத்தைக் காட்டினால் மட்டும், "ம், நல்லாருக்கு" என்பார். பார்த்திருக்கவே மாட்டார்.

"திட்டினாக்கூடப் பரவாயில்லம்மா. அங்க நான் என்னா செய்றேன், எப்புடி இருக்கேன்னு அப்பா ஒரு தடவ கேட்டாப் போதும்" என்று என்னிடம் சொல்வாள். அதை நான் அவரிடம் சொன்னால், "நான் என்னா கேக்காமயா இருக்கேன்" என்று ஃபெக்டரிக்குக் கிளம்பிவிடுவார். தேயிலை ஃபெக்டரியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மெஷினின் சத்தம் கொஞ்சம் மாறினாலே என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற மனிதருக்கு, மகளின் முகம் மாறுவது தெரியாதா? நன்றாகத் தெரியும். அதுதான் எனக்குக் கோபம்.

ஏப்ரல் சீசன் முடிந்து சுற்றுலாக் கூட்டம் ஓய்ந்ததும் அவளுக்கு லீவு கிடைத்தது. சனிக்கிழமை மத்தியானம் அக்கரப்பத்தனை பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையில் உடுப்பை விடச் சாமான்தான் அதிகம். சின்னப் போத்தலில் ஆலிவ் எண்ணெய், ஈஸ்ட் பாக்கெட், காகிதத்தில் சுற்றிய ரோஸ்மேரி இலை. "நாளைக்கு ஃபொக்காச்சியா போடுறேம்மா" என்றாள். எனக்கு அந்தப் பேர் வாயில் நுழையவே சாயங்காலம் ஆகிவிட்டது.

அவள் செய்ததை வேலை என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. பேசினில் மாவு, உப்பு, ஈஸ்ட், தண்ணீர். கரண்டியால் நாலு கிண்டு. முடிந்தது. எட்டிப் பார்த்தேன். கஞ்சியும் இல்லை, ரொட்டி மாவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"இம்புட்டுதானா?"

"இம்புட்டுதாம்மா. இனி அது தானா வேல செய்யும். நாம தொடக் கூடாது."

அறை வெப்பத்தில் வைத்தால் போதும் என்று செய்முறைக் குறிப்பில் இருக்குமாம். இந்த மலைக் குளிரில் எங்கள் வீட்டு அறை வெப்பத்தில் தேங்காய் எண்ணெயே கட்டியாகிவிடும். அதனால் விறகடுப்புக்குப் பக்கத்தில், சூட்டோடு சூடாகப் பேசினை வைத்து ஒரு தட்டால் மூடினாள். இதெல்லாம் நடந்தபோது அவர் வீட்டில் இல்லை. வந்த பிறகு அவரிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவும் இல்லை.

ஞாயிறு காலை வழக்கம்போல அந்தச் சத்தம் கேட்டது. திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஒரு நிமிஷம் கழித்துத்தான் சுரீர் என்று உறைத்தது. குசினிக்கு ஓடினேன்.

பேசின் காலி. பலகையில் உருண்டை உருண்டையாக மாவு. அடுப்பில் இருந்த தாச்சியில் ஒரு ரொட்டி ஏற்கெனவே வெந்துகொண்டிருந்தது.

"யாரோ அரையுங் கொறையுமாக் கலக்கி வச்சிருந்தீங்க" என்றார், மாவு படிந்த கையோடு, மிகவும் திருப்தியாக. "நல்ல வேள, நான் பாத்தேன். புளிக்கவே ஆரம்பிச்சிருச்சு. நாலு கை மாவு போட்டு அடிச்சுப் பெசஞ்சு ஒரு வழிக்குக் கொண்டாந்துட்டேன்."

எனக்குப் பின்னால் மகள் வந்து நின்றாள். பேசினைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், அப்பாவின் கையைப் பார்த்தாள்.

"அப்பா, அது பெசையக் கூடாத மாவுப்பா."

"பெசையாத மாவு என்னாத்துக்கு?" என்று கேட்டவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அதற்குள் தாச்சியில் கிடந்த ரொட்டி உப்பத் தொடங்கியது. அது பாட்டுக்கு மெத்தை மாதிரி எழுந்து நின்றது. வாழ்நாளெல்லாம் ரொட்டி சுட்டவர், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கரண்டியால் அமுக்கினார். கையை எடுத்ததும் திரும்ப எழும்பியது. மகளுக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அந்த ரொட்டியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மிளகாய் இடித்த கட்டச்சம்பலோடு அந்த ரொட்டியைத் தின்றோம். மெத்தென்று, லேசான புளிப்போடு, உண்மையைச் சொன்னால் அவருடைய வழக்கமான ரொட்டியை விட நன்றாகவே இருந்தது. அதை நான் வெளியில் சொல்லவில்லை.

ஈஸ்ட் இன்னும் மீதி இருந்தது. அவள் மறுபடியும் கலக்கினாள். இந்தத் தடவை வெதுவெதுப்பான தண்ணீர், ஈஸ்ட் கொஞ்சம் கூடுதல். மத்தியானத்துக்குள் எழும்பிவிடும் என்றாள். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். சூடு அதிகமானால் பேசினைத் தள்ளி வைப்பதும், விறகு தணிந்தால் கிட்ட இழுப்பதுமாக ஒரே காவல். பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தவர் தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னாங்க டீச்சர், மாவு தண்ணியாப் போச்சே! இன்னங் கொஞ்சம் மாவு போட்டுப் பெசஞ்சா சரியாயிருமே" என்று சேலைத் தலைப்பைச் செருகினார்.

"கைய வைக்காதீங்கக்கா!" என்று என் வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். "அது தானா வரும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கறிவேப்பிலை ஒடிக்கிற சாக்கில் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன்.

மாவு வந்தது. பேசின் விளிம்பு வரைக்கும் பொங்கி, மேலே குமிழ் குமிழாக. தட்டில் எண்ணெய் ஊற்றி அதைச் சரித்து, இன்னும் கொஞ்ச நேரம் விட்டு, பிறகு பத்து விரலாலும் குழி குழியாக அழுத்தினாள். ரோஸ்மேரியோடு எங்கள் பாத்தியில் பிடுங்கிய லீக்ஸையும் மெல்லியதாக அரிந்து தூவினாள். கடைசியில் கல்லுப்பு. அவள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த கரண்ட் அவன் அடுப்பில் இத்தனை நாளும் நான் பிஸ்கட் டின்னைத்தான் வைத்திருந்தேன். அவர் டின்னை எடுத்து வைத்துவிட்டு, வயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "போடலாம்" என்று உத்தரவு கொடுத்தார்.

வீடு முழுக்க வாசம். வெளியே மழை இறங்கியிருந்தது. அவரும் நானும் மேசையில் உட்கார்ந்தோம். அவள் பக்கத்தில் நின்று, சூடாக வெட்டி வெட்டி எங்கள் தட்டில் வைத்தாள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. அவருக்கு ஓரத்துத் துண்டு. தின்றார். இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அங்க வேல செய்ற ஒங்களுக்கெல்லாம் சாப்பாடு எப்புடி? ஒக்காந்து சாப்பிடுவீங்களா?"

கத்தி அப்படியே நின்றது. இப்படி ஒரு கேள்வியை அவளும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

"ஒக்காந்துதாம்ப்பா. எங்களுக்குன்னு ஒரு பெரிய மேச இருக்கு. பெரிய செஃப்பும் எங்ககூடத்தான் சாப்பிடுவாரு. ஏன்ப்பா?"

"இல்ல, எங்கம்மா சாப்பிட்டத நான் பாத்திருக்கேன். பங்களாப் பின்கதவுகிட்ட, நின்னுக்கிட்டே சாப்பிடும். உள்ளுக்கு மணி அடிச்சிச்சின்னா தட்ட அப்புடியே வச்சிட்டு ஓடணும். ஒரு நாளும் முழுசாச் சாப்பிட்டு நான் பாக்கல."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதே இல்லை. நான் அவரை வீம்புக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மனிதர் இத்தனை நாளும் மனதுக்குள் மகளை அந்தப் பின்கதவில் நிற்க வைத்துப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த துண்டை வெட்டப் போனாள். அவர் அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்துவிட்டு, பக்கத்துக் கதிரையைக் காலால் இழுத்துப் போட்டார்.

"அங்கயே ஒக்காந்து சாப்பிடுறவ, இங்க ஏன் நின்னுக்கிட்டு இருக்க? ஒக்காரு பாப்பா."