‘இன்பமாக வாழ்ந்து வருகிறேன்’ என்ற கடைசி வரி

“இந்தப் படிப்ப வச்சிக்கிட்டு என்னம்மா பண்றது?” வேலைக்குச் சேர்ந்த அன்று கடலூர் பதிப்பக முதலாளி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. நான் சிதம்பரத்தில் ஒரு வருடம் படைப்பெழுத்துப் பட்டயம் படித்திருந்தேன். அவருக்கு வேண்டியது ப்ரூஃப் பார்க்க ஓர் ஆள். எனக்கு வேண்டியது எடிட்டர் வேலை. ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒற்றுப்பிழை பார்ப்பது எனக்கு ஆகவே ஆகாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வீட்டில் திட்டுவார்கள்.

என் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக் கொடுத்தார். “இத நீயே எடிட் பண்ணு. பொங்கலுக்குள்ள பிரஸ்ஸுக்குப் போவலன்னா ப்ரூஃப் டேபிளுக்கே திரும்பிடணும்.”

எழுதியவர் தனவேல், சேத்தியாத்தோப்புக்காரர். இருபது வருடம் வளைகுடாவில் லாரி ஓட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். மணல் காற்று, வெடித்த டயர், அறையில் கூட இருந்த ஆட்கள் என்று எல்லாவற்றையும் நன்றாகவே எழுதியிருந்தார். கடைசியில் ஊர் திரும்பியதை மட்டும், ‘அதன்பின் குடும்பத்துடன் இன்பமாக வாழ்ந்து வருகிறேன்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியை நான் நம்பவில்லை.

சிதம்பரம் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் வாய் திறக்காமல் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் அங்கே இல்லாதது போல மற்றவர்கள் அவர் எழுத்தைப் பற்றிப் பேசுவார்கள். நான் அதில் அழுதும் இருக்கிறேன், தேறியும் இருக்கிறேன். அதையே ஆபீசில் நடத்தினேன். தனவேலை வரவழைத்து, பேசக்கூடாது என்று சொல்லி உட்காரவைத்துவிட்டு, நானும் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டும் டிடிபி செல்வியும் ஆரம்பித்தோம்.

“ஊருக்கு வந்தப்புறம் இவுரு என்ன ஆனாருன்னே தெரியலியே,” என்றாள் செல்வி.

“எதையோ மறைக்கிறாரு,” என்றேன் நான்.

தனவேல் எழுந்துவிட்டார். முகம் கறுத்திருந்தது. “எழவு வீட்டுலதாம்மா நடுவுல ஆளக் கெடத்திட்டு இப்படிப் பேசுவாங்க. நான் இன்னும் சாவல.” பிரதியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

முதலாளி அறைக் கதவு திறப்பதற்குள் நானும் தெருவில் இருந்தேன். வேலை போச்சே என்ற பயம் ஒரு பக்கம், அந்த மனிதரை நோகடித்துவிட்டோமே என்ற வெட்கம் ஒரு பக்கம். அவர் ஏறிய சிதம்பரம் பஸ் நகர ஆரம்பித்திருந்தது. ஓடிப்போய் ஏறிவிட்டேன்.

அவர் பக்கத்தில் இடம் இருந்தது. பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது. அதற்குமேல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. “அண்ணே, ஊருக்கு வந்த மறுநாளு காலையில என்ன பண்ணீங்க? அத மட்டும் சொல்லுங்க.”

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இன்னிக்கும் போறேன். வீட்டுல படுத்திருந்தா யாரு வீட்டுலயோ படுத்திருக்கற மாதிரி இருக்குது. வண்டிங்க வர்றதயும் போறதயும் பாத்துக்கிட்டு ஒக்காந்தாதான் மூச்சு விட முடியுது. வாக்கிங்னு சொல்லி வச்சிருக்கேன்.”

அவர் மடியில் இருந்த பிரதியைத் தொட்டுக் காட்டினேன். “இத எழுதுங்கண்ணே.”

“எழுதினா எங்க வீட்டுக்காரி படிப்பாளே. இத்தினி வருஷம் காத்துக் கெடந்தேன், இந்த வீடு புடிக்கலியான்னு கேட்டா என்ன சொல்றது?”

சிதம்பரத்தில் அவர் சேத்தியாத்தோப்பு பஸ்ஸுக்கு மாறினார். நான் திரும்பிவந்து முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு, பஸ் ஸ்டாண்டுக் காலைகளைச் சொல்லும் புதிய கடைசி அத்தியாயத்துடன் பிரதி கொரியரில் வந்தது. முதலாளி நின்றபடியே படித்தார். “பிரஸ்ஸுக்கு அனுப்பு,” என்றார். ப்ரூஃப் டேபிளைப் பற்றி அதன்பிறகு அவர் பேசவில்லை.

புத்தகம் சேத்தியாத்தோப்புக்குப் போன பிறகுதான் எனக்குத் தூக்கம் கெட்டது. என் வேலைக்காக ஒரு குடும்பத்தில் கலகம் மூட்டிவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் தனவேலிடமிருந்து ஃபோன் வந்தது.

“அவ படிச்சிட்டாம்மா. ரெண்டு நாளா பேசல. இன்னிக்கு நான் செருப்பு மாட்டறேன், அவளும் கெளம்பி நிக்கிறா. பஸ் ஸ்டாண்டுல பக்கத்துலதான் ஒக்காந்திருக்கா. இரு, தர்றேன்.”

அந்த அம்மாள் ஃபோனை வாங்கினார். “இவுரு கதவ சாத்திட்டுப் போற சத்தம் எனக்குத் தெனமும் கேக்கும்மா. முழிச்சிக்கிட்டுதான் கெடப்பேன். எங்க போறாருன்னு கேக்கத்தான் பயமா இருந்துச்சு.”

எந்த வரி பொய் என்று கண்டுபிடிக்க எனக்குப் படிப்பு சொல்லிக்கொடுத்தது. அதை மாற்றச் சொன்னால் யார் வீட்டில் என்ன நடக்கும் என்று அது சொல்லித்தரவில்லை. இத்தனை புத்தகங்களுக்குப் பிறகும், அச்சான பிரதி எழுதியவர் வீட்டுக்குப் போய்ச் சேரும் நாளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.